கசக்கும் என்று மட்டும் சொன்னவள்

அமராவதி மலேயாவில் பிறந்தவள். ரப்பர்ப் பால்மரத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, மரம் சீவி வளர்ந்து, அங்கேயே கருப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவனைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். கருப்பன் திரும்பவில்லை. சண்டை முடிந்த பிறகும் தோட்டத்தில் நிம்மதி வரவில்லை. 1948-இல் காட்டுக்குள் மறுபடியும் துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் அவள் கப்பலேறினாள். புருஷன் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த கள்ளிவயலைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் தெரியாது.

புதுக்கோட்டைச் சீமையில் அரிமளத்துக்குத் தெற்கே செம்மண் காட்டுக்குள் இருந்தது அந்த ஊர். கருப்பனின் தம்பி வீரய்யாவும் அவன் பெண்டாட்டி செவந்தியும் அங்கே இருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் பார்த்தேயிராத ஒரு மதினி தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? தொழுவத்தை ஒட்டி ஒரு குச்சு கட்டிக் கொடுத்தார்கள். குச்சுக்குப் பின்னால் சும்மா கிடந்த மேட்டு நிலத்தில் ஒரு துண்டைக் காட்டி, "ஏதாச்சும் போட்டுப் பாருங்க மதினி" என்றான் வீரய்யா. ஊர்ப் பெண்கள் அவளை மலேயாக்காரி என்று கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டில் அவள் கை பட்ட தாம்பாளத்தை யாரும் வாங்க மாட்டார்கள். புருஷனை வாரிக் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டி வந்தவள், அவ்வளவுதான்.

தகரப் பெட்டிக்குள் ஒரு தைலச் சீசா இருந்தது. அதில் தைலம் இல்லை, விதை இருந்தது. தட்டையாக, சதுரமாக, வெல்ல நிறத்தில் இருக்கும். தோட்டத்துக்குப் பக்கத்தில் காய்கறி பயிரிட்ட, தமிழ் தெரியாத சீனக் கிழவர் ஒருவர் கொடுத்தது. அங்கே அந்தக் கிழங்குக்குச் செங்குவாங் என்று பேர். அரிசியே கண்ணில் படாத ஜப்பான் காலத்தில் மரவள்ளியையும் இதையும் தின்றுதான் லயத்து ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள். விதையைக் கொடுக்கும்போது கிழவர் கிழங்கைக் காட்டி வாயைத் தட்டிக் காட்டினார். பிறகு விதையைக் காட்டி, கூடாது என்று தலையை வேகமாக ஆட்டினார். நெற்று ஒன்றை உடைத்து, விதையைக் கல்லில் நசுக்கி, வாய்க்கால் குட்டையில் கரைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அவர் மீனைக் காட்டினார், அவளைக் காட்டினார், கண்ணை மூடிக் கழுத்தைத் தொங்கப் போட்டார். அமராவதிக்கு நன்றாகவே விளங்கியது.

மறு வருஷம் ஆவணி மழையில் அவள் விதை போட்டாள். கொடி கிடுகிடுவென்று ஓடியது. அவரைப் பூ மாதிரி ஊதா நிறத்தில் பூத்தது. கிழங்கு பருக்க வேண்டும் என்று பூவைக் கிள்ளிப் போட்டாள். விதைக்காகக் கடைசியில் கிளுவை வேலி ஓரமாக நின்ற சில கொடிகளை மட்டும் பூக்கவிட்டாள். தை மாதம் மண்ணைப் பறித்தபோது பம்பரத்தைக் கவிழ்த்தது போலக் கிழங்குகள் வந்தன. சாம்பல் நிறத் தோல். நகத்தால் கீறி இழுத்தால் சீலை கிழிகிற மாதிரி முழுசாக உரிந்து வரும். உள்ளே வெள்ளைவெளேரென்று, கடித்தால் இளந்தேங்காய் போல நறுக்கென்று, தண்ணீரும் தித்திப்புமாக இருக்கும்.

செவந்தி அதைத் தொடவே பயந்தாள். "கடலுக்கு அங்கிட்டு இருந்து வந்தது. தின்னா என்ன பண்ணுமோ, ஏது பண்ணுமோ."

"நான் தின்னு காட்டுறேன் பாரு" என்று அமராவதி ஒரு கிழங்கை எல்லோர் முன்னாலும் நின்று தின்றாள். மறுநாள் அவள் எழுந்து நடமாடுகிறாளா என்று பார்க்க இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பிள்ளைகள் கையை நீட்டின. பிறகு செவந்தியே உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்றுவிட்டு, "தண்ணிக் கிழங்கு அக்கா இது" என்று பேர் வைத்தாள்.

விதையைப் பற்றி அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அமராவதிக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் கிழங்கைத் தொடவே தயங்கியவர்களிடம், இதன் விதை ஆளைக் கொல்லும் என்று சொன்னால் யார் தின்பார்கள்? கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவளையும் அல்லவா ஒரு மாதிரி பார்ப்பார்கள். விதைக் கொடி தன் வேலிக்குள் தானே இருக்கிறது, நெற்றைப் பறிப்பது தான் ஒருத்திதானே என்று நினைத்துக்கொண்டாள். பேசாமல் இருந்துவிட்டாள்.

அரிமளம் சந்தையில் அவள் கூடை மதியத்துக்குள் காலியானது. மிச்சக் கிழங்கை மணலில் புதைத்து வைத்துப் பங்குனி மாதம் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவுக்குக் கொண்டு போனாள். வெயிலில் பால்குடம் பார்த்து நாக்கு வறண்ட ஜனம் தோலுரித்த கிழங்கைப் பறித்துக்கொண்டு போகாத குறை. கள்ளிவயல் பெண்கள் இப்போது அவளை அக்கா என்றார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார்கள். புருஷன் ஊரில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்தது அந்தக் கிழங்கு.

1952-இல் மழை அடியோடு பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆண்களில் பாதிப் பேர் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார்கள். சர்க்கார் அரிசி வந்து, ஊர் மந்தையில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். கஞ்சி காய்ச்ச மருதாயியை வைத்தார்கள். பிள்ளைகுட்டி இல்லாத, வாய் அதிகமுள்ள, கை சுத்தமான பெண்பிள்ளை. ஆளுக்கு ஒரு அகப்பைக் கஞ்சி. யார் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு அகப்பைதான்.

அமராவதியின் வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு ராக்காயியுடையது. சின்னப் பெண். புருஷன் ஆண்டிச்சாமி தஞ்சாவூருக்குப் போயிருந்தான். சந்தனம் என்று நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்த வருஷம் குடத்துத் தண்ணீர் ஊற்றி அமராவதி காப்பாற்றிய கொடிகளில் கிழங்கு சிறுத்துத்தான் வந்தது. இருந்ததில் சந்தனத்துக்கு என்று தினம் ஒரு துண்டு கொடுப்பாள். கிழங்கு தீர்ந்துவிட்டது. வேலியில் நெற்று மட்டும் காய்ந்து தொங்கியது.

மாசிக் கடைசியில் ஒருநாள் ராக்காயி வேலி ஓரமாக நின்று நெற்றைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் காய ஆக்கித் திங்கலாமா?"

அமராவதி வேலிக்கு ஓடி வந்தாள். "வேணாண்டி. அது கசக்கும்."

"ரொம்பவா?"

"வாயில வைக்க முடியாது. வெதைக்கு விட்டுருக்கேன். தொட்றாத."

ராக்காயி கையை எடுத்துக்கொண்டாள். அமராவதி, தொடாதே என்றுதான் சொல்லியாயிற்றே என்று மனசைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பஞ்சத்தில் கசப்பு என்பது ஒரு தடையே இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லை. ஊரே கசப்பைத்தான் தின்றுகொண்டிருந்தது. காட்டுக் கிழங்கையும் காட்டு மொச்சையையும் வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து, மறுபடி வடித்து, கசப்புப் போனதும் தின்றார்கள். ராக்காயிக்கும் அந்தப் பக்குவம் தெரியும்.

நாலைந்து நாள் கழித்து, வெயில் சாயும் நேரத்தில் சந்தனம் அழும் சத்தம் கேட்டு அமராவதி வேலியைத் தாண்டிப் போனாள். ராக்காயி அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். சுற்றிலும் வாந்தி. "நாக்கு மரத்துப் போச்சுக்கா" என்றாள் குழறிக்கொண்டே. "தண்ணி." அமராவதி தலையை மடியில் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊட்டினாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. மூச்சு நின்று நின்று வந்தது. அதன் பிறகு ராக்காயிக்குப் பேச்சு வரவில்லை.

வீரய்யா வண்டி பூட்டினான். ராக்காயியைத் தூக்கிப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போதே அவள் உயிர் போய்விட்டது.

வண்டி கிளம்பியதும் அமராவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பி வந்தாள். அடுப்பில் ஒரு மண்சட்டி இருந்தது. மூடியைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம். ஊறிப் பருத்திருந்தாலும் அந்தச் சதுரம் தெரிந்தது. பக்கத்தில் கஞ்சிச் செம்பு காலியாகக் கிடந்தது. குழந்தையின் வாயோரம் கஞ்சி காய்ந்திருந்தது. அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, இதைத் தாய் தின்றிருக்கிறாள்.

அமராவதி சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். விதையைக் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினாள். சட்டியில் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவிய பிறகும் தேய்த்தாள். குழந்தை இடுப்பில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

சாவு வீட்டில் யாரோ ஒருத்தி பேச்சை ஆரம்பித்தாள். "காலையில தொட்டிக் கஞ்சி வாங்கிட்டுப் போனா. நல்லாத்தானே போனா." இன்னொருத்தி, "கடைசியா வந்து அடிக்கஞ்சி வாங்குனா" என்றாள். "பல்லி கில்லி விழுந்திருக்குமோ?" அவ்வளவுதான். பொழுது விடிவதற்குள் மருதாயி மூடாமல் வைத்த கஞ்சியில் பல்லி விழுந்தது ஊருக்கெல்லாம் தெரிந்த சேதியாகிவிட்டது. வாலைப் பார்த்ததாகச் சொல்லவும் ஆள் இருந்தது.

மருதாயி மந்தையில் நின்று கத்தினாள். "அதே கஞ்சியத்தானே புள்ளையும் குடிச்சுச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகலையே! நீங்கள்லாம் குடிச்சீங்களே!" யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு அகப்பைக்கு மேல் கொடுக்காதவள் மேல் ஊருக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. கஞ்சித் தொட்டிக்கு வேறு ஆள் வந்தாள். மருதாயி கிணற்றுக்குப் போனால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் மருதாயி சட்டி பானையை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அமராவதி வாசலுக்கு வந்தாள்.

"நார்த்தாமலையில எங்க சித்தி மக இருக்கா. கல்லு ஒடைக்கிற வேலை இருக்காம். போறேன்த்தா."

அமராவதி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"இந்த ஊருல நீ ஒருத்திதான் என்னைய ஒரு வார்த்த சொல்லல. அதான் ஒங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போவமேன்னு வந்தேன்."

அவள் போவதை அமராவதி பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். மூட்டை புளியமரத்தைத் தாண்டி மறையும் வரை நினைத்துக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கே வேலிக் கொடியை அறுத்து, நெற்றோடு குவித்துக் கொளுத்தினாள். கேட்டவர்களிடம் விதையை வண்டு அடித்துவிட்டது என்றாள். அதன் பிறகு கடலைக்குக் களை எடுக்கவும், நாற்று நடவும் கூலிக்குத்தான் போனாள். நார்த்தாமலைத் திருவிழாவுக்கு ஊரே வண்டி கட்டினாலும் அவள் மட்டும் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்வாள்.

ஆண்டிச்சாமி மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. சந்தனம் அமராவதியின் கஞ்சியைக் குடித்து, அமராவதியின் பாயில் படுத்து வளர்ந்தாள். பெரியாத்தா என்று கூப்பிட்டாள். ஆண்டிச்சாமி தஞ்சாவூரிலிருந்து வரும்போதெல்லாம், "பெத்தவ கூட இப்பிடிப் பாக்க மாட்டாக்கா. நீங்க இல்லாட்டி எம்புள்ள என்னாயிருக்கும்" என்பான். ஊரும் அதையே சொன்னது. பிள்ளையில்லாதவள் பிறத்தியார் பிள்ளையை எப்படி வளர்க்கிறாள் பாருங்கள் என்று மருமகள்களுக்கு உதாரணம் காட்டினார்கள். அப்போதெல்லாம் அமராவதி ஏதாவது வேலை இருப்பது போல எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். ஒரு முறை செவந்தி பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அமராவதி கழுவி வைத்திருந்த சட்டியை மறுபடியும் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து வருஷம் போயிற்று. 1963 பங்குனியில் வீரய்யா நார்த்தாமலைத் திருவிழாவிலிருந்து சிரிப்பும் பொரியுமாக வந்தான். பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துத் தரையில் உருட்டினான்.

"மதினி, இது யாருன்னு தெரியுதா? நம்ம தண்ணிக் கிழங்கு!"

நார்த்தாமலைக்குப் பக்கத்தில் ரத்தினவேல் என்று வெள்ளாமை செய்யும் ஒரு சம்சாரி. முன்பு ஒரு திருவிழாவில் அமராவதியிடம் வாங்கிப் போன கிழங்கில் ஒன்று முளை விட்டிருக்கிறது. அதைப் புதைத்து, கொடியாக்கி, விதை எடுத்து, இப்போது அரைக் காணி நிலத்துக்கு மேல் போடுகிறானாம். வீரய்யா சொல்லிக்கொண்டே போனான். இதற்குள் சந்தனம் தோலை உரித்துக் கடித்துவிட்டாள்.

"பெரியாத்தா! என்ன இம்புட்டு இனிக்குது! நீ இத முன்னாடி போட்டியாமே, எனக்குக் கொடுத்ததே இல்லையே!"

கொடுத்திருக்கிறாள். அவளுக்கு நினைவில்லை.

வீரய்யா மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். "வெதையும் வாங்கியாந்துட்டேன். அந்தாளு கேக்குறவுகளுக்கெல்லாம் அள்ளிக் குடுக்குறாரு."

அமராவதி பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

வீரய்யா பின்னாலேயே வந்து கொல்லையில் மறித்தான். "என்ன மதினி? என்னத்துக்கு இப்பிடி வெடவெடங்குறீங்க?"

அவள் சொன்னாள். சீனக் கிழவர் காட்டியது, ராக்காயி கேட்டது, தான் சொன்னது, சட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தைகளைத் தன் காதாலேயே கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கே கூசியது.

வீரய்யா யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தான். "யார்ட்டயும் சொல்லிறாதீங்க" என்றான் குரலைத் தாழ்த்தி. "செத்தவ எந்திரிச்சு வரப் போறாளா? ஆண்டிச்சாமி காதுக்குப் போனா ஊரே ரெண்டாயிரும். வெதையப் பொதைச்சுருவோம். ஆச்சு, முடிஞ்சு போச்சு."

"அந்தாளு கேக்குறவுகளுக்கெல்லாம் குடுக்குறாருன்னியே."



மறுநாள் அமராவதி பஸ் ஏறினாள். புதுக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் மாறி, நார்த்தாமலை விலக்கில் இறங்கி நடந்தாள். ரத்தினவேல் அவளை அடையாளம் கண்டு கட்டிலை இழுத்துப் போட்டான். "ஒங்களாலதாங்க இந்தக் கிழங்கே இங்கிட்டு வந்துச்சு" என்று மோர் கொடுத்தான்.

அவள் மோரைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்த வெதை வெசங்க" என்றாள். "ஆளு செத்துருவாங்க."

அவன் முகம் மாறியது. "வெள்ளாடு ஒண்ணு வாயில நொர தள்ளிச் செத்துச்சு. பாம்புன்னுல்ல நெனச்சேன்." அவளை ஏறிட்டுப் பார்த்து, "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான்.

"எனக்கு மொதல்லருந்தே தெரியும்."

அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். விதை வாங்கிப் போனவர்களின் ஊர்களைப் பெண்டாட்டியும் அவனுமாக நினைவுபடுத்திச் சொன்னார்கள். அன்னவாசல் பக்கம்தான் அதிகம். அவன் அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அமராவதிக்கு இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. கல் உடைக்கிற இடத்தை விசாரித்துப் போனாள். பாறைச் சரிவில் ஓலைத் தடுப்பு வைத்துக்கொண்டு பெண்கள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மருதாயி தலை முழுக்க வெளுத்து, ஒரு கண்ணில் துணி கட்டியிருந்தாள். கல் தெறித்து அந்தக் கண் போய்விட்டதாம். இருந்தாலும் அமராவதியைப் பார்த்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"மலேயாக்காரியா! வாத்தா, வா! இங்க ஒக்காரு. இம்புட்டுத் தூரம் என்னையத் தேடியா வந்தே?"

அமராவதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை மருதாயி குறுக்கே பேசவில்லை. மற்றப் பெண்களின் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

"அப்ப பல்லி இல்லையா?" என்றாள் மருதாயி.

"இல்ல."

"நெசமா இல்லையா?"

"இல்லக்கா. ஒங்க கஞ்சி நல்ல கஞ்சி."

மருதாயி மெதுவாக உட்கார்ந்தாள். "ஊருல கத்துனேன், சண்டை போட்டேன். ஆனா இங்கிட்டு வந்த பெறகு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அன்னைக்கு மூடி போட்டேனா, போடலையா? வெறகு எடுக்கப் போனேனே, அப்பத் தொறந்து கெடந்துச்சா? ஒவ்வொரு கல்லு ஒடைக்கையிலும் அதைத்தான் நெனப்பேன். ஒருநா போட்ட மாதிரி இருக்கும், ஒருநா போடாத மாதிரி இருக்கும். அந்தப் புள்ளயோட ஆத்தாவ நாந்தான் கொன்னேன்னு கோயில்ல போயி விழுந்து கெடந்திருக்கேன்." அவள் குரல் உயரவே இல்லை. "போட்டுத்தான் இருந்துருக்கேன்."

அமராவதி காலில் விழப் போனாள். மருதாயி காலை இழுத்துக்கொண்டாள்.

"விழுகாத. எங்கிட்டச் சொன்னா யாருக்கு ஆச்சு? என்னைய அந்த மந்தையில வச்சுத்தான பேசுனாக? நாளைக்கு நானும் வாரேன். அங்கன நின்னு சொல்லு."

அன்றிரவு அமராவதி அந்தப் பெண்களின் குடிசைகளுக்கு நடுவில் வெறுந்தரையில் படுத்தாள். யாரும் அவளுக்குப் பாய் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை கள்ளிவயல் மந்தையில் கூட்டம் கூடிவிட்டது. மருதாயி வந்து இறங்கியதைப் பார்த்தே பாதி ஊர் வந்துவிட்டது. வீரய்யா தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றான். அறுவடை முடிந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த ஆண்டிச்சாமி மகளோடு வந்தான். பெரியாத்தா இரண்டு நாள் எங்கே போனாள் என்று தவித்துக்கொண்டிருந்த சந்தனம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அமராவதி அந்தக் கையை விடுவித்துவிட்டுச் சொன்னாள்.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆண்டிச்சாமி முன்னால் வந்தான். அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"பயந்துக்கிட்டுச் சொல்லாம விட்டுட்டே. சரி. அது கசக்கும்னே, அவ கேக்கல. அதுவும் சரி" என்றான். "சட்டிய என்னத்துக்குக் கழுவுனே?"

 அவன் பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு மகளின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு நடந்தான். சந்தனம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மருதாயி கூட்டத்தைப் பார்த்தாள். "வாலப் பாத்தேன்னு சொன்னது யாரு? இங்கன இருக்காகளா?" ஒரு கிழவி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "தெரியாமப் பேசிட்டோம் மருதாயி. வந்துரு. ஒன் வீடு அப்பிடியேதான் கெடக்கு" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். செவந்தி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மருதாயி செம்பை வாங்கவில்லை. "எனக்கு அங்கிட்டு வேலை கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் பஸ்ஸுக்கு நடந்தாள். பிறகு அவள் கள்ளிவயலுக்கு வரவே இல்லை.

ஊர் அமராவதியை எதுவும் செய்யவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். வீரய்யா முகம் கொடுத்துப் பேசுவது குறைந்தது. செவந்தி குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குச்சு வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அமராவதி ஒவ்வொரு சந்தை நாளும் அன்னவாசல் பக்கம் போய், கிழங்குக் கூடை இருக்கும் இடங்களில் நின்று, ஒரு நெற்றை உடைத்துக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கெழங்கு நல்ல கெழங்கு. இந்த வெதை மட்டும் வெசம். ஆடு மாடு கூடத் திங்கக் கூடாது." வியாபாரம் கெடுகிறது என்று ஒருவன் விரட்டினான். அடுத்த வாரமும் போனாள். ரத்தினவேல் மட்டும் தன் கூடைப் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டான். பூவைக் கிள்ளாமல் யாரும் இந்தக் கொடியைப் போடக் கூடாது என்று அவனும் பிடிவாதமாகச் சொல்லிவந்தான். ஜனங்கள் பயந்து கிழங்கை விட்டுவிடுவார்கள் என்று அவள் ஒரு காலத்தில் நினைத்தது நடக்கவில்லை. கேட்டுக்கொண்டார்கள், தலையை ஆட்டினார்கள், கிழங்கை வாங்கிக்கொண்டு போனார்கள்.  முதல் வருஷமே சொல்லியிருந்தாலும் இதே போலத்தான் வாங்கியிருப்பார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், கடலை ஆய்கிற சமயம். அமராவதி ஒரு கடலைக் காட்டில் தனி நிரையில் குந்தியிருந்தாள். மற்றப் பெண்கள் தள்ளி இருந்தார்கள். சந்தனம் வரப்பில் வந்து நின்றாள். பெண் நன்றாக வளர்ந்திருந்தாள். ராக்காயியின் முகவெட்டு அப்படியே வந்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். பெரியாத்தா என்று சொல்லவில்லை.

"கேளு."

"எங்க ஆத்தா சாகும்போது என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னுச்சா?"

அமராவதிக்கு ஒரு நல்ல பதில் உடனே வந்துவிட்டது. என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள் என்றால் போதும். பெண்ணுக்கும் ஆறுதல், தனக்கும் ஆறுதல். கையிலிருந்த கடலைச் செடியைக் கீழே வைத்தாள்.

"இல்லத்தா. நாக்கு மரத்துப் போச்சுன்னா. தண்ணி கேட்டா. குடுத்தேன், உள்ள எறங்கல. அதுக்குப் பெறகு பேச்சில்ல."

சந்தனம் வரப்பிலிருந்து இறங்கினாள்.

"ஆனா ஒண்ணு. அன்னைக்கு வாங்குன கஞ்சி ஒரு செம்பு. அத முழுசா ஒனக்குக் குடுத்துட்டா. அவ ஒரு வாய் கூடக் குடிக்கல. காலிச் செம்பையும் ஒன் வாயோரம் காஞ்ச கஞ்சியையும் நான் பாத்தேன்."

 சந்தனம் பாவாடையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த நிரையில் குந்தினாள். செடியைப் பிடித்து ஆய ஆரம்பித்தாள்.  கண்ணீர் மறைத்ததில் அமராவதி காயோடு சேர்த்து இலையையும் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிரை முடிந்ததும் சந்தனம் தான் ஆய்ந்ததை அமராவதியின் கூடையில் கொட்டினாள். கையைத் தட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் ஏறிப் போனாள்.